ஆலைச் சங்கை நிறுத்த வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைரேகைப் பதிவுக் கருவியும் கைப்பேசியும் வந்துவிட்ட பிறகு, ஷிப்ட் நேரத்தை ஊதி அறிவிக்கும் ஆலைச் சங்கு வெறும் இரைச்சல்தானே என்று சொல்லி, ஆலைகள் பலவற்றில் அதை நிறுத்திவருகிறார்கள். அந்தச் சங்கு கேட்டு வேலைக்குப் போய்வந்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

சங்கு தொழிலாளியை விரட்டியது உண்மைதான். இரண்டாம் சங்குக்குள் வாயிலைத் தாண்டாதவரின் கூலியில் கைவைத்தார்கள். ஆனால் வேலை முடிந்தது என்பதை ஊரறியச் சொன்னதும் அதே சங்குதான். அது ஊதியதும் அடுத்த ஷிப்ட் ஆள் இயந்திரத்தருகே வந்து நிற்பார்; அறுந்த இழையை ஒட்டிவிட்டு, கை எண்ணெயைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு முந்தைய ஆள் நகர்வார். அதற்கு மேல் ஒருவரை நிறுத்திவைக்க மேஸ்திரி நினைத்தால், எல்லோர் காதுபடவும்தான் சொல்லியாக வேண்டும். இன்றோ நேரக் கணக்கு நிர்வாகத்தின் கணினிக்குள் இருக்கிறது. மிகைநேரத்துக்குத் தொழிலாளி தனியாளாக நின்று வாதாட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் முதலாளிகள் காலையில் கடிகாரத்தை முன்தள்ளியும் மாலையில் பின்தள்ளியும் வைத்து உழைப்பைத் திருடுவதாக அக்காலத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். 1844-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வேலை நேரத்தைப் பொதுக் கடிகாரத்தையோ, எல்லோர் பார்வையிலும் படும் வேறொரு கடிகாரத்தையோ கொண்டே கணக்கிட வேண்டும் என்று விதித்தது. 1919-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையும், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்ததோடு நில்லாமல், வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் வெளிப்படையாக அறிவிக்கச் சொன்னது.

ஆபத்துச் சங்கின் கதை இன்னும் கொடியது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, ஊருக்கான சங்கு சற்று நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. சிறு கசிவுகளுக்கு மக்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்பதே ஆலையின் நடைமுறையாக இருந்தது. அது மீண்டும் ஒலித்தபோது வாயு குடியிருப்புகளுக்குள் பரவிவிட்டிருந்தது.

ஆகவே சங்கின் ஒலியைக் குறைக்கட்டும், இரவு ஷிப்டுக்குச் சங்குக்குப் பதில் விளக்கைப் பயன்படுத்தட்டும். ஆனால் சங்கை அடியோடு நிறுத்தும் முடிவைத் தொழிலாளர் பிரதிநிதிகள் உள்ள பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலின்றி எடுக்கக் கூடாது. ஆபத்துச் சங்கு ஏறி இறங்கும் தனி ஒலியாக இருக்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு அதை முன்கூட்டியே ஒலித்துக் காட்டி, கேட்டதும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் சொல்லித்தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர்