டிக்கெட் எடுப்பதற்கு முன்

அன்பு மகளுக்கு,

பாய்மரப் படகில் தெற்கே போய்க்கொண்டிருக்கும் எங்களோடு தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குச் சேர்ந்துகொள்ள, எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் டிக்கெட் எடுப்பது என்று கேட்டிருந்தாய். இரண்டில் ஒன்றைத்தான் என்னால் சொல்ல முடியும். ஊரைக் கேட்டால் தேதியைக் கேட்காதே. தேதியைக் கேட்டால் ஊரைக் கேட்காதே. அப்பா தொலைபேசியில் இரண்டையும் சொல்லியிருப்பார். அவர் மிச்சமுள்ள மைல்களை ஐம்பதால் வகுத்து நாள் கணக்குச் சொல்கிறவர். அதை மறந்துவிடு.

இப்போது சார்ல்ஸ்டனில் நங்கூரம் போட்டிருக்கிறோம். கடற்கரையை ஒட்டி உள்ளே ஓடும் இந்த நீர்வழிக்கு (இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே) வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பூஜ்யமாகத் தொடங்கும் மைல் கணக்கு உண்டு, அதில் இது 469. சவானாவை ஒட்டிய தண்டர்போல்ட் 583. நெடுஞ்சாலையில் நீ இரண்டு மணி நேரத்தில் கடந்துவிடுவாய். எங்கள் படகு மணிக்கு ஏழு மைல் போனாலே நல்ல வேகம். நவம்பரில் ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கிவிடும். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். வழியெல்லாம் நண்டுப் பொறிகளின் மிதவைகள். ஒரு கயிறு சுழலியில் சுற்றிக்கொண்டால் யாராவது குளிர்ந்த தண்ணீரில் இறங்க வேண்டும், அந்த யாராவது உன் அப்பாதான்.

இனி வருவது ஜார்ஜியா. அங்கே கடலின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே தண்ணீர் ஏழு முதல் ஒன்பது அடி வரை மாறுகிறது. இந்த நீர்வழியை ராணுவப் பொறியாளர் படை பராமரிக்கிறது. இங்கெல்லாம் பன்னிரண்டு அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது ஏட்டுக் கணக்கு. ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் க்ரீக் போன்ற இடங்களில் வண்டல் சேர்ந்து, இறக்கத்தின்போது ஐந்தடிகூடத் தேறாது. எங்கள் படகுக்கு ஐந்தடி வேண்டும். அதனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போதுதான் அங்கே நுழைவோம். அப்படியும் தரை தட்டினால், ஏறுகிற தண்ணீரே தூக்கிவிடும். இறங்குகிற தண்ணீரில் தட்டினால் அரை நாள் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான்.

பாலங்களின் கதை நேர் எதிர். நிலையான பாலங்களுக்கு அடியில், சாதாரண ஏற்றத்தின்போது 65 அடி இடைவெளி உண்டு. எங்கள் பாய்மரம் ஆன்டெனாவோடு சேர்த்து 63. இலையுதிர் காலத்துப் பேரேற்றமும் வடகிழக்குக் காற்றும் சேர்ந்துவிட்டால் அந்த இரண்டடி காணாமல் போய்விடும். பாலத்தடியில் இடைவெளியைக் காட்டும் ஓர் அளவுப்பலகை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் இறங்கும்வரை வட்டமடித்துக்கொண்டு நிற்போம். வண்டல் திட்டுக்குத் தண்ணீர் ஏற வேண்டும், பாலத்துக்கு இறங்க வேண்டும். இரண்டும் ஒரே பகலில் எங்களுக்குத் தோதாக அமைய வேண்டும். இதில் நான் எந்தத் தேதியை உனக்கு எழுதுவது? திறக்கிற பாலங்கள் வேறு இருக்கின்றன. அவற்றில் பல, காலையிலும் மாலையிலும் அலுவலகம் போகிறவர்களுக்காக நமக்குத் திறப்பதில்லை.

கால்வாயில் பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். நீ தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டும். வர்ஜீனியாவிலிருந்து வட கரோலினாவுக்குள் இறங்க இரண்டு வழிகள். நாங்கள் கிரேட் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயைத் தேர்ந்தோம். 1805இல் திறந்தது. ஏறத்தாழ 22 மைல், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக. சதுப்பு மண்ணும் மரப்பட்டையும் ஊறி, தண்ணீர் காய்ச்சிய தேயிலை நிறத்தில் இருக்கிறது. படகின் முன்பக்கத்தில் பழுப்பு மீசை வரைந்துவிட்டது, இன்னும் தேய்த்துப் போகவில்லை. அதை வெட்டியவர்கள் அடிமைகள். இடுப்பளவுச் சேற்றில் நின்று கையால் வெட்டினார்கள். அதே சதுப்புக்காட்டுக்குள்தான் தப்பி ஓடிய அடிமைகள் தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வாழ்ந்தார்கள். அப்பாவும் நானும் அந்த நாள் முழுவதும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஆல்பமார்ல் சவுண்ட் என்ற அகன்ற நீர்ப்பரப்பில் காற்று உலுக்கிய பிறகுதான் எங்களுக்கு வாய் திறந்தது.

நீ சுக்கான் பிடிப்பாய், எனக்குத் தெரியும். தெற்கே போகும்போது தண்ணீரில் வழிகாட்டும் சிவப்புக் குறிகள் நமக்கு வலப்பக்கம் வர வேண்டும். கடல்வாய்கள் குறுக்கிடும் சில இடங்களில் அந்தக் குறிகளே இடம் மாறி உன்னைக் குழப்பும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு, குறியில் ஒட்டியிருக்கும் சிறிய மஞ்சள் முக்கோணம் வலப்பக்கமும் மஞ்சள் சதுரம் இடப்பக்கமும் இருக்கின்றனவா என்று மட்டும் பார். பின்னாலிருந்து பெரிய மோட்டார் படகு ரேடியோவில் முந்திச்செல்லக் கேட்டால் நாம் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்போதுதான் அவரும் மெதுவாக, அலை எழுப்பாமல் போக முடியும். கேட்காமலே சீறிப்போகிறவர்களைத் திட்டும் பொறுப்பு என்னுடையது.

உன் விடுப்பு மாறாது என்பதால் தேதியை நீ பிடித்துக்கொள். வருவதற்குச் சவானாவுக்கு எடு. நாங்கள் வடக்கே பியூஃபர்ட்டில் இருந்தாலும் தெற்கே பிரன்ஸ்விக்கில் இருந்தாலும் வாடகைக் காரில் வந்து சேர்ந்துவிடலாம். திரும்பும் டிக்கெட்டை ஜாக்சன்வில்லிலிருந்து எடு, தேதியை மாற்ற முடிகிற டிக்கெட்டாக. சக்கரப் பெட்டி வேண்டாம், அதை வைக்க இடமே இல்லை. சுருட்டி வைக்கிற துணிப்பை போதும். கழிப்பறைப் பம்பை எப்படி இயக்குவது என்று வந்ததும் நான் காட்டுகிறேன். அப்பாவிடம் கேட்காதே.

அன்புடன்,
அம்மா