வெந்நீர்க் குழாயும் கோவைப் பட்டறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிகப் பக்கத்தில் ஏற்றுமதி என்றாலே பனியனும் நூலும் தோலும்தான். தப்பில்லை. ஆனால் கணபதியில் முப்பது வருடமாக வார்ப்புப் பட்டறை நடத்துகிறவன் என்ற முறையில், ஐரோப்பிய வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வேலையில் நம் வார்ப்புக்கு இருக்கும் சந்தையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகள் டென்மார்க்கில் வேலை பார்க்கிறாள். போன குளிர்காலத்தில் அங்கே போயிருந்தேன். வெளியே பூஜ்யம் டிகிரி, வீட்டுக்குள் வெறும் சட்டையோடு உட்காரலாம். பாய்லர் எங்கே என்று தேடினால் காணோம். அலமாரிக்குள் இரண்டு குழாய், ஒரு வெப்பமாற்றி, மீட்டர், வால்வுகள், சின்னதாக ஒரு பம்பு, அவ்வளவுதான். எங்கோ சூடாக்கிய தண்ணீர் தெருவுக்கடியில் ஓடி வந்து, வீட்டுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு, ஆறிப்போய்த் திரும்புகிறது. நமக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிற மாதிரிதான், என்ன, இது நாள் முழுக்க வருகிறது.

1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்ட பிறகு, 1979-ல் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். இன்று அந்நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு இந்த வெந்நீர்தான். குப்பையை எரித்தும் சூடு எடுக்கிறார்கள். எஸ்பியர்க் துறைமுக நகரில் நிலக்கரி ஆலையை மூடிவிட்டு, கடல் தண்ணீரிலிருந்து வெப்பத்தை இழுக்கும் ராட்சத இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சட்டம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே, 1978-லேயே, இந்தத் தொழில்நுட்பத்தை வெளிநாட்டில் விற்க ஒரு சங்கம் அமைத்துவிட்டார்கள்! டான்ஃபாஸ் வால்வும் கிரண்ட்ஃபாஸ் பம்பும் வளர்ந்த மண் அது. முதல் நிறுவனத்துக்கு ஒரகடத்தில் ஆலை, இரண்டாவதற்குத் துரைப்பாக்கத்தில் அலுவலகம். அவர்கள் நம்மைத் தேடி வந்துவிட்டார்கள், நாம்தான் இன்னும் கிளம்பவில்லை.

இப்போது பெரிய சந்தை ஜெர்மனி. அங்கே கிட்டத்தட்ட பாதி வீடுகள் எரிவாயுவில் சூடாகின்றன, வெந்நீர்க் குழாய் போனது ஏழில் ஒரு வீட்டுக்குத்தான். 2022-ல் ரஷ்ய எரிவாயு நின்றதும் விழித்துக்கொண்டார்கள். வீடுகளை எப்படிச் சூடாக்குவது என்று ஊர் ஊராக வெப்பத் திட்டம் போட வேண்டும் என்று 2024-ல் சட்டம் வந்தது. பெரிய நகரங்களுக்கு 2026 நடுப்பகுதி கெடு, சிறிய ஊர்களுக்கு 2028. திட்டம் முடிந்தால் அடுத்து தெருவைத் தோண்ட வேண்டியதுதானே?

நண்பர்களிடம் சொன்னால், "குளிரே இல்லாத ஊரிலிருந்து ஹீட்டிங்கா?" என்று சிரிக்கிறார்கள். அட, ஓடுவது எழுபது எண்பது டிகிரி தண்ணீர், அவ்வளவுதான்! வால்வு உடல், பம்பு உறை, குழாய்களை இணைக்கும் பிளேஞ்ச், இதெல்லாம் நமக்குப் புதிதா? குழாயே செய்து அனுப்பலாம் என்று மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். எஃகுக் குழாயைச் சுற்றி நுரை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை என்று வரும் சாமான் அது, கன்டெய்னரில் பாதி இடம் நுரைக்கே போய்விடும்.

எனக்கே விலை கேட்டு ஒரு விசாரிப்பு வந்தது. ஓர் ஐரோப்பிய வால்வு கம்பெனி, இடைத்தரகர் மூலம். விலை பிடித்துவிட்டது, மாதிரியும் அனுப்பினேன். அப்புறம் ஒரு மெயில்: ஒரு கிலோ வார்ப்புக்கு எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது, எழுத்தில் கொடுங்கள் என்று. எங்கள் கணக்குப்பிள்ளையிடம் காட்டினால், "இது ஜிஎஸ்டி படிவத்தில் எந்தக் கட்டத்தில் வரும்?" என்கிறார். நாங்கள் முழித்துக்கொண்டிருந்த ஒன்றரை மாதத்தில் ஆர்டர் வேறெங்கோ போய்விட்டது.

2026 ஜனவரி முதல் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி, அதாவது இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்குப் போடும் வரி, முழுதாக அமலுக்கு வந்துவிட்டது. குழாய், பிளேஞ்ச், போல்ட்டு எல்லாம் அதில் அடங்கும். வால்வும் பம்பும் இப்போதைக்கு இல்லை, ஆனாலும் வாங்குகிறவர் கேட்கத்தான் செய்கிறார். இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், இரும்புப் பொருளுக்கு உலையிலிருந்து நேராக வெளியேறுவதைத்தான் இன்று அந்த வரிக்குக் கணக்கில் எடுக்கிறார்கள். ஸ்கிராப்பைக் கரண்ட் உலையில் உருக்கும் நம் பட்டறைக்காரனுக்கு அப்படி நேராக வெளியேறுவது குறைவு, அதனால் நல்ல எண் வரும். இருக்கிற நல்ல எண்ணைக் காகிதத்தில் காட்டத் தெரியாமல்தான் தோற்கிறோம்.

பம்பைச் சோதிக்க நம் ஊரிலேயே சிடார்க் சோதனைக்கூடம் இருக்கிறது. அதே மாதிரி அங்கேயோ, சிறுதொழில் சங்கமான கொடிசியாவிலோ ஒரு மேசை போட்டு, கார்பன் கணக்கு எழுதித் தர இரண்டு பேரை உட்கார வைத்தால் போதும். இலவசமாகக் கேட்கவில்லை, கட்டணம் கட்டுகிறோம். எங்கள் தெருவில் மட்டும் ஆறு பட்டறை இருக்கிறது.

ஒரு வாசகர்,
கணபதி, கோவை