கோயில் வாசலும் போராடும் உரிமையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வழிபாட்டிடங்களின் அருகே போராடுவோரைக் கலைந்துபோகச் சொல்ல, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2025இல் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் அளித்ததும், அவ்வாண்டே நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும் நாம் கவனிக்க வேண்டியவை. இத்தகைய சட்டம் எங்கு வந்தாலும் எதிர்க்கத்தக்கது.

வழிபாட்டைக் குலைப்போரைத் தண்டிக்க, இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவு நம்மிடம் ஏற்கெனவே உள்ளது. பக்தர்களை மிரட்டுவது வேறு, வீதியோரம் பதாகையுடன் நிற்பது வேறு. வைக்கத்தில் 1924இல் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக, அந்தத் தெருக்களிலேயேதான் அறப்போர் நடந்தது. எங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடவும், நெடிய போராட்டத்துக்குப் பின்னரே 2008இல் அரசாணை கிடைத்தது. குறை கோயில் நிர்வாகத்தின் மீது இருக்கையில், மக்களை ஊர்க்கோடிக்கு அனுப்பினால் யார் காதில் விழும்?

ஒரு வாசகர்,
கடலூர் முதுநகர்.