மச்சான், உன் வீராவை விற்காதே

ஜெலுத்தோங், பினாங்கு
ஞாயிறு மாலை

மச்சான்,

பதில் போடத் தாமதம்தான். நேரில் பார்க்கும்போது மொத்தமாகத் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிதான் வலிக்கிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பெரியவர் இன்னும் லாட்டரியில் அந்த நாலு நம்பரையே எழுதிக்கொண்டிருக்கிறார், விழவும் இல்லை, அவர் விடவும் இல்லை.

சரி, விற்றுவிடப் போகிறேன் என்று நீ எழுதிய உன் புரோட்டான் வீரா கார் விஷயம். பிளக் மாற்றியாச்சு, பிளக் கேபிள் மாற்றியாச்சு, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மாற்றியாச்சு, த்ராட்டில் பாடி கழுவியாச்சு. இப்போது பெட்ரோல் பம்பையும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் உன் பொமேன், அந்த மெக்கானிக். "மாற்றிப் பார்க்கலாம்" என்ற வார்த்தை எப்போது வருகிறதோ அப்போதே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டாமா? ஓம், வோல்ட் அளக்கிற மீட்டரை எடுத்து ஒரு தடவையாவது எதையாவது அளந்தாரா? அதை நீ எழுதவே இல்லை. அளந்திருக்க மாட்டார். பம்பு மாற்றுகிற காசுக்கு நீ குடும்பத்தோடு லங்காவி போய் வரலாம்.

நீ எழுதியதில் எனக்கு உருப்படியாகப் பட்டது இரண்டு வரிதான். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடுகிறது, கால் மணி நேரம் போனதும் ஜாலான் ஈப்போ சிக்னலில் நிற்கும்போது குலுங்க ஆரம்பிக்கிறது. பின்னால் பெட்ரோல் வாசனை, சைலன்சர் வாயில் கரி, சூடாக இருக்கும்போது நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் எடுக்க அழுகிறது. பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. குளிரில் நல்ல பிள்ளை, சூட்டில் கலாட்டா. இதைப் படித்ததும் என் சந்தேகம் தண்ணீர்ச் சூட்டை அளக்கிற சென்சார் மேல்தான் போனது.

"முள் நடுவில்தானே நிற்கிறது, சூடு சரியாகத்தானே காட்டுகிறது" என்று நீ கேட்பாய். உன் வண்டியின் 4ஜி15 எஞ்சினில் டேஷ்போர்டு முள்ளுக்கு ஒரு சென்சார், எவ்வளவு பெட்ரோல் ஊற்றுவது என்று தீர்மானிக்கிற எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். ஒற்றை வயர் போவது முள்ளுக்கு, இரண்டு வயர் போவது கம்ப்யூட்டருக்கு. முள்ளைப் பார்த்து நீ நிம்மதியாக ஓட்டுகிறாய், கம்ப்யூட்டருக்கு வேறு செய்தி போய்க்கொண்டிருக்கிறது.

அந்த இரண்டு வயர் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏறத் தடை குறைகிற ஒரு சின்னத் துண்டு. 20 டிகிரியில் 2.1 முதல் 2.7 கிலோ ஓம், 40 டிகிரியில் 0.9 முதல் 1.3, 80 டிகிரியில் 0.26 முதல் 0.36. இந்த மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கனெக்டர் பின்னில் பச்சை பிடித்தோ, உள்ளே இணைப்பு தளர்ந்தோ ஒரு கிலோ ஓம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டது என்று வை. காலையில் எஞ்சின் 30 டிகிரியில் இருக்கும்போது கம்ப்யூட்டருக்கு அது 20 டிகிரிக்குப் பக்கத்தில் தெரியும். பெட்ரோல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான், குளிர்ந்த எஞ்சினுக்கு அது பிடிக்கவே செய்யும். ஆனால் 80 டிகிரி ஏறிய பிறகு 0.3 இருக்க வேண்டிய இடத்தில் 1.3 வந்து நிற்கும். கம்ப்யூட்டர் அட்டவணையைப் பார்க்கும், எஞ்சின் இன்னும் 35, 40 டிகிரியில்தான் இருக்கிறது என்று நினைக்கும், பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் இல்லாதவனுக்குக் கம்பளி போர்த்தி மிளகு ரசம் புகட்டுகிற கதைதான். பிளக்கில் கரி ஏறும், பற்றாமல் போகும், வண்டி குலுங்கும்.

செக் எஞ்சின் விளக்கு ஏன் எரியவில்லை என்றும் கேட்டிருந்தாய். வயர் அறுந்தாலோ ஒட்டிக்கொண்டாலோதான் அந்த விளக்கு எரியும். 40 டிகிரி என்பது நடக்கக்கூடிய அளவுதானே, கம்ப்யூட்டருக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. விளக்கு எரியாததால் சென்சார் எல்லாம் நல்லது என்று உன் பொமேன் சொன்னாராம். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது, முதலில் அதைச் செய். வண்டியை நன்றாகச் சூடாக்கு. குலுங்க ஆரம்பித்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த இரண்டு வயர் கனெக்டரைக் கழற்று. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் எஞ்சினில் எங்கே வந்து சேர்கிறதோ, அந்த தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் அடைக்கிற வால்வு) இருக்கிற கூட்டை ஒட்டித் தேடினால் கிடைக்கும். கையை ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் தள்ளி வை. கனெக்டர் கழன்றதும் கம்ப்யூட்டர் அந்த சென்சாரை நம்புவதை விட்டுவிட்டு, சூடு 80 டிகிரி என்று தானே வைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், எரியட்டும். குலுக்கல் அடங்கி நிமிஷத்துக்கு 750 சுற்றுக்குப் பக்கத்தில் நின்றால் குற்றவாளி சென்சார் அல்லது கனெக்டர். ஒரு மாற்றமும் இல்லையென்றால் என்னைத் திட்டு, ஆனால் சென்சார் வாங்காதே.

அடங்கினால் மீட்டரை எடு. சாவி ஆஃபில், கனெக்டர் கழன்றபடியே, சென்சாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பார். சூட்டில் 0.3 பக்கம் வந்தால் சென்சார் நல்லது, கோளாறு கனெக்டரில் அல்லது வயரில். ஒரு கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் சென்சாரே போய்விட்டது. பிறகு சாவியை ஆன் செய்து வயர் பக்கக் கனெக்டரில் வோல்ட் பார், 4.5 முதல் 4.9 வரை வர வேண்டும். அது குறைந்தால் புது சென்சார் போட்டும் பயனில்லை. இந்த இடத்தில் அவசரப்படாதே. கனெக்டருக்குள் டார்ச் அடித்து நிதானமாகப் பார். பச்சைப் பூப்பு இருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின் தளர்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் நெருக்கிவிட்டுத் திரும்ப மாட்டிப் பார். பல வண்டிகளுக்கு வைத்தியம் இதோடு முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம், நம்ம ஊருக்கே உரியது. உன் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா? வண்டி சூடேறுகிறது என்று சொன்னால் அதைப் பிடுங்கி வீசிவிடுகிற பழக்கம் இங்கே பல பெங்கெல்லில், அதாவது வண்டிப் பட்டறையில், உண்டு. பிடுங்கியிருந்தால், ஹைவேயில் ஓடும்போது எஞ்சின் நிஜமாகவே 60 டிகிரிக்கு மேல் ஏறாமல் கிடக்கலாம். அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, அதை மாற்றி என்ன ஆகப் போகிறது? குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இரு. தெர்மோஸ்டாட் இருந்தால் ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கிக்கொண்டது. முதலில் அதைப் போடு.

பிளக்கையும் கழற்றிப் பார்த்துவிடு. நாலும் ஒரே மாதிரிக் கறுப்பாக, உலர்ந்த கரியாக இருந்தால் நான் சொல்வது பொருந்தும். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் கோளாறு அந்த சிலிண்டரில். ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டரில் இருந்து வருகிற வேக்கும் ஹோஸையும் இழுத்து முகர்ந்து பார். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் ரப்பர் கிழிந்திருக்கிறது, அதுவும் இதே வேஷம்தான் போடும்.

இனி மாற்றுகிற வேலை. மச்சான், இதில் மட்டும் விளையாடாதே. எஞ்சின் முழுவதும் ஆறட்டும், ராத்திரி விட்டுக் காலையில் செய். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்துக்கு வரும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று, அந்தச் சாக்கில் கம்ப்யூட்டரின் பழைய நினைவும் அழியும். ரேடியோ குறியீடு கேட்டால் எனக்கு போன் அடிக்காதே. கீழே ஒரு தட்டு வை. புது சென்சாரைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, ஆழமான சாக்கெட்டால் பழையதைத் தளர்த்து. பெரும்பாலும் 19 மில்லிமீட்டர்தான். கழன்றதும் ஓட்டையை விரலால் அடைத்துப் புதியதை உடனே மாட்டினால் ஒரு கோப்பைக் கூலன்ட்டுக்கு மேல் போகாது. முதல் சில சுற்று கையால்தான் திருக வேண்டும், ஸ்பேனர் வைத்தே ஆரம்பித்தால் அலுமினிய மரை கோணி நாசமாகும். முறுக்கு 30 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். மரையில் வெள்ளை டேப் சுற்றுகிற ஆசை வந்தால் அடக்கிக்கொள். அதே பழக்கத்தில் ஒற்றை வயர் சென்சாரிலும் சுற்றிவிடுவாய், அதில் எர்த் மரை வழியாகத்தான் போகும், டேப் சுற்றினால் முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

வாங்கும்போது செகாம்புட் பக்கம் போய், பழையதைக் கழற்றாமல் போட்டோ எடுத்துக்கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கு. கனெக்டர் வடிவமும் மரையும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையிலேயே மீட்டர் வைத்து அளந்து பார், 30 டிகிரி வெயிலில் 1.6 கிலோ ஓம் பக்கத்தில் வர வேண்டும். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். பழைய வண்டிகளை உடைத்து விற்கிற பொட்டோங் கடையில் கழற்றிய சென்சார் வேண்டாம். அதுவும் உன்னுடையதின் வயசுதான்.

மாட்டி முடித்ததும் கூலன்ட் ஊற்று. மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்து குமிழியை வெளியேற்று. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கட்டும். உள்ளே காற்று தங்கினால் சென்சாரின் முனை தண்ணீரில் நிற்காது, எண் தாறுமாறாகக் குதிக்கும், புதியதும் கெட்டது என்று நீ என்னை ஏசுவாய். மூடியைப் போட்டு, ஏர்கானை அணைத்தபடி பத்து நிமிஷம் ஐடிலில் விடு. பிறகு ஏர்கான் போட்டுப் பார்.

டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பார், பெட்ரோல் வாசனை வந்தால் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்று. இவ்வளவு நாள் கூடுதலாக ஊற்றிய பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கியிருக்கும். நீர்த்துப் போன ஆயிலோடு உன் மகளைத் தினமும் ரவாங் வரை அனுப்பாதே. சூட்டில் நின்றுபோய் ஸ்டார்ட் எடுக்காத வண்டி, லாரி போகிற பாதையில், இரவில். சரி செய்யும் வரை அவள் கேடிஎம் ரயிலில் போகட்டும். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கரி பிடித்த பிளக்கையும் அப்படியே விடாதே, இடைவெளி 1.1 மில்லிமீட்டர் வைத்துப் புதுசு போடு. புதுசாக மாற்றியவையும் இந்நேரம் கறுத்திருக்கும். அந்தக் காசை யாரிடம் கேட்பாய் என்று எனக்குத் தெரியாது.

வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? வீராவைச் சோதித்துப் பார்க்க அதுதான் சாக்கு என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதே, பட்டர்வொர்த் வரைக்கும் ஈடிஎஸ் ரயிலில் வா, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். கழற்றிய சென்சாரை வீசாமல் பையில் போட்டுக்கொண்டு வா. சுடுதண்ணீரில் முனையை மட்டும் முக்கி, தெர்மாமீட்டரும் மீட்டரும் வைத்து அளந்து பார்ப்போம். அதற்கு முன்னால் சூட்டில் எத்தனை ஓம் வந்தது என்று எழுது.

உன்
நெட்டையன்