நூபியாவில் உப்பு வாருகிற காலம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ அனுப்பின படங்கள் கிடைத்தன. நோர்வேயில், ஓலசுண்டில் இப்பவே கம்பளிச் சட்டை போடத் தொடங்கிவிட்டாய் போல. இங்கே சிசிலித் தீவில், பலேர்மோவில் செப்டெம்பர் வந்தும் வெயில் குறையவில்லை. அந்த வெயிலிலேயே நானும் அப்பாவும் பஸ் பிடித்து ட்ராப்பானிக்கும், அங்கிருந்து நூபியாவுக்கும் போய் வந்தோம். பச்சேக்கோவைச் சேர்ந்த சின்ன ஊர். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் கடல்வரைக்கும் உப்புப் பாத்திகள். பின்னால் எரிச்சே மலை, முன்னால் ஃபவிஞானா தீவு. அவ்வளவு வடிவு.

பழைய உப்பளக்காரர் வீடு ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றிக் காட்டினவர் உப்பளக் குடும்பத்துப் பிள்ளை. ஆறுதலாக, ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிக் கதைத்தார்.

வசந்தத்தில் கடல்தண்ணீரைப் பெரிய பாத்திக்குள் விடுகிறார்கள். ஒரு லீட்டரில் ஏறக்குறைய 38 கிராம் உப்புத்தான் இருக்கும். ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போக, வெயிலும் காற்றும் தண்ணீரை வற்ற வைக்கும். சுண்ணாம்பும் ஜிப்சமும் முன்பாத்திகளிலேயே படிந்துவிடும். கடைசிப் பாத்திக்கு வருகிற கடும் உப்புநீரிலேதான் நாங்கள் சமையலுக்குப் போடுகிற உப்பு விளையும். அதையும் பார்த்திருந்து நேரத்துக்கு வார வேண்டும். மிச்சத் தண்ணீரையும் வற்ற விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசந்துபோகும். அந்தப் பாத்திகளில் தண்ணீர் ரோசாப்பூ நிறமாக நிற்கிறது. டுனலியெல்லா என்ற நுண்பாசியும், உப்பிலேயே வாழ்கிற வேறு நுண்ணுயிர்களும் கொடுக்கிற நிறமாம்.

பாத்தி மாற்ற அந்த நாளில் காற்றாலைதான். மர இறக்கைகளில் துணிப் பாய் கட்டியிருப்பார்கள். அது சுற்ற, கீழே நீளமான மரத்திருகு ஒன்று சுழன்று தண்ணீரை மேலே ஏற்றும். ஆர்க்கிமிடீஸ் திருகு. அவரும் சிசிலிக்காரர்தானே, சிரக்கூசாவில் பிறந்தவர்.

சுற்றிக் காட்டினவர் பாத்தி ஓரத்தில் குனிந்து கொஞ்சம் உப்பை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். தூள் இல்லை. ஒவ்வொரு பரலும் சதுரம். சிலது நடுவில் குழிந்து, படிப்படியாக இறங்குகிற தெப்பக்குளம் மாதிரி இருந்தது. தண்ணீரின் மேலே மிதந்தபடியே வளர்ந்து, பாரம் கூடினதும் அடியில் போய்ப் படியுமாம். எவ்வளவு காலமாக உப்புப் போட்டுச் சமைக்கிறேன், ஒரு பரலை இப்படிப் பார்த்ததே இல்லை பிள்ளை.

உன் அம்மப்பா ஆனையிறவு உப்பளத்தில் வேலை செய்தவர் என்று உனக்குத் தெரியும். போர் வந்து அது மூடப்படும்வரைக்கும் அதுதான் அவருடைய சீவியம். கால் வெடிப்புகளில் உப்பு ஏறி எரியும். இரவில் விறாந்தையில் இருந்து தேங்காய் எண்ணெய் பூசுவார். இங்கே உப்பு வாருகிற பலகை, சுமந்த கூடை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் துடைத்து, ஒழுங்காக வைத்து, யார் எதை எப்படிப் பிடித்தார்கள் என்று சொல்லித் தருகிறார்கள். அம்மப்பாவின் பலகையை யார் எடுத்து வைத்தார்கள்? எனக்குத் தொண்டை அடைத்தது. அப்பாதான் கதையை மாற்றினார்.

இந்த உப்பளங்கள் நேற்று வந்தவை இல்லை. அரபுப் புவியியல் அறிஞர் அல் இத்ரீசி, பலேர்மோவில் இரண்டாம் ரொஜர் அரசனின் அவையில் இருந்துகொண்டு 1154இல் எழுதி முடித்த நூலிலேயே ட்ராப்பானி நகர வாசலடியில் உப்பளம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இத்தாலியில் உப்பு அரசின் ஏகபோகமாக இருந்த காலத்திலும் சிசிலிக்கு அதிலிருந்து விலக்கு. ஆனாலும் 1965இல் வெள்ளம் வந்து பாத்திகளில் சேறு ஏறினது பெரிய அடி. 1995இல் இயற்கைக் காப்பிடமாக அறிவித்த பிறகுதான் பாத்திகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு பாதுகாப்பு. பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டு நின்றதைப் பார்த்தோம்.

ஆனால் உனக்கு இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. முந்தி ட்ராப்பானி உப்பு கப்பலில் நோர்வேக்குப் போனதாம், கொட் மீனுக்குப் போட. அதைக் கேட்டதும் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ அங்கே போன நாளிலிருந்து, இந்தப் பிள்ளை ஏன் எங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லாத தூரத்துக்குப் போனது என்று எனக்குள் ஒரு தவிப்பு இருந்தது. எங்களுக்கு முன்னமே எங்கட சிசிலித் தீவின் உப்பு அங்கே போயிருக்கிறது! அங்கே பெண்கள் உப்பிட்ட மீனைக் கடற்கரைப் பாறைகளில் பரப்பிக் காயவைத்தார்கள். அந்தக் கருவாடுதான் திரும்ப இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் வந்தது. நீ இருக்கிற ஓலசுண்டே அதற்குப் பெரிய துறைமுகம். கிறிஸ்தியான்சுண்டில் அந்தப் பெண்களுக்கு ஒரு சிலையும் இருக்கிறதாம். ஒரு லீவு நாளில் போய்ப் பார்த்து எனக்குப் படம் அனுப்பு.

நாங்கள் திரும்புகிற நேரம் குவித்த உப்பின் மேல் ஓடு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னம் மூடி முடிக்க வேண்டும். ஒவ்வொரு ஓடாகக் கையாலேதான்.

அப்புறம், நூபியாவில் சிவப்பு உள்ளி பேர்போனது. பின்னலாகக் கட்டி விற்கிறார்கள். ஒரு பின்னலும் ஒரு பை உப்பும் மாமாவின் மகனிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் அடுத்த மாதம் அங்கே வருகிறான். உள்ளியை ஃப்ரிட்ஜில் வைக்காதே, குசினியில் தொங்கவிடு. உப்பைக் கொஞ்சமாகப் போட்டு ருசி பார்.

யூலையில் உப்பு வாரத் தொடங்குவார்கள். அடுத்த வருடம் அந்த மாதம் பார்த்து லீவு கேள். மூன்று பேருமாகப் போவோம்.

அன்புடன்,
அம்மா