பழைய அளவுகளை அனுப்பு, பிள்ளை

திருகோணமலை

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கண் வரைபடத்தைக் கடையில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் நீலம், சுற்றிவரச் செம்மஞ்சள் வளையம். பயப்பட ஒன்றுமில்லை. கிட்டப்பார்வைக்கு லேசர் செய்த கண் அப்படித்தான் இருக்கும். (கண்ணாடிக் கடைக்காரரின் மகளே கண்ணாடியைக் கழற்றிவிட்டாள் என்று இங்கே ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.)

கோர்னியா, கண்மணிக்கு முன்னால் இருக்கும் தெளிந்த படலம், நீ பள்ளிக்கூடத்தில் விழிவெண்படலம் என்று படித்தது, இயல்பில் நடுவில்தான் கூடுதலாக வளைந்திருக்கும். உன் மைனஸ் 5ஐப் போக்க அந்த நடுவிலிருந்து ஏறக்குறைய 70 மைக்கிரோன் எடுத்திருப்பார்கள். ஒரு தலைமயிரின் தடிப்பு, அவ்வளவுதான். கவிழ்த்து வைத்த சிரட்டையின் உச்சியைத் தேய்த்துவிட்டால் என்ன ஆகும்? உச்சி தட்டையாகும், தோள் எடுப்பாக நிற்கும். தட்டையான உச்சிதான் உன் நீலம், அந்தத் தோள்தான் உன் செம்மஞ்சள் வளையம். இரவில் கண்மணி விரியும்போது அதன் வழியாகவும் வெளிச்சம் நுழையும். தெருவிளக்கெல்லாம் கோட்டை கட்டிய நிலா மாதிரித் தெரிகிறது என்றாயே, காரணம் அதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும்.

இங்கே கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருகிறார்கள். நீயும் சின்ன வயதில் உப்புவெளிக் கடற்கரையில் மணல் பட்டால் இரண்டு கையாலும் கசக்குவாய். இனிமேல் கூடாது. 540 மைக்கிரோன் படலத்தில், லேசர் பிடிக்க முன் மேலே சீவித் திறந்த மடலுக்கு 110, லேசருக்கு 70 கழித்தால், தாங்கி நிற்பது 360. 250க்குக் குறையக் கூடாது என்பது டொக்டர்மாரின் கணக்கு, உனக்குத் தாராளம். ஆனாலும் சிலருக்கு வருடங்கள் கழித்து அந்தப் படலம் முன்னுக்குத் தள்ளிக் கூம்பாவதுண்டு. மைனஸ் திரும்ப ஏறினாலோ, எழுத்துக்கு நிழல் விழுந்தாலோ, உடனே இன்னொரு வரைபடம் எடு.

அப்புறம், நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகளை வாங்கி வை: பழைய வளைவு, பழைய தடிப்பு, பழைய பவர். வயது போய் வெண்புரை வந்தால், உள்ளே வைக்கும் வில்லையின் பவரைக் கோர்னியாவின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசர் பட்ட கண் என்று தெரியாமல் வழக்கமான கணக்கைப் போட்டால் பிழையாகிவிடும். உனக்குக் கிட்டத்தில் எழுத்துத் தெரியாமல் போகலாம். கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். எந்த டொக்டரிடம் போனாலும் லேசர் செய்ததை முதலில் சொல்லிவிடு.

ஒரு பிரதி எனக்கும் அனுப்பு. அலுமாரியில் காக்கிப் பை இருக்கிறதல்லவா, உன் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் வைத்துக்கொண்டு நாங்கள் ஊர் ஊராகத் தூக்கித் திரிந்தது, அதற்குள் வைக்கிறேன். நீ இங்கே விட்டுப்போன பழைய கண்ணாடியை அம்மா எறிய விடவில்லை. நேற்று அதன் வில்லையை அளந்தேன், மைனஸ் 4.75. உன் தாளில் என்ன இருக்கிறதென்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா