த்ராட்டிலை மூடும் முன் உயரத்தைச் சொல்லுங்கள்

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்திலும் வெளிநாடுகளிலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கு வணக்கம்.

சிறிய விமானங்களின் விபத்து அறிக்கைகளைப் படிக்கும்போது ஒரு வகை விபத்து என்னை விடாமல் உறுத்துகிறது. இன்ஜின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்று பழகப் போய், பழகும்போதே விமானம் தரையில் மோதிவிடுகிறது. இந்தப் பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எவ்வளவு தாழ இறங்கலாம் என்பதில் கறாராக இருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடிச் சறுக்கி இறங்கும்போது, திரும்ப மேலே ஏறச் சக்தி கேட்டால் இன்ஜின் கொடுக்கும் என்று நம்பிவிடுகிறோம். கொடுக்காமலும் போகலாம். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள இன்ஜினில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூடக் குறையும். சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்றில், 30 டிகிரி வெயிலிலும் உள்ளே ஐஸ் பிடிக்கலாம். த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் இந்த ஆபத்து அதிகம். இன்ஜின் ஏற்கெனவே மெதுவாக ஓடுவதால் அது திணறுவதும் காதில் விழாது.

என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைப் பழகுவாள். வலது கை முதலில், கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட் குமிழை இழுக்கும், அப்புறம்தான் த்ராட்டில். இடையிடையே த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து மூடுவாள். "ரொம்ப நேரம் ஐடிலில் ஓடினால் புகைக்குழாய் ஆறிடும்பா, அந்தச் சூட்டை வச்சுத்தான் கார்ப் ஹீட்டே வேலை செய்யுது" என்றாள். நல்ல ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

ஆனால் உயரம் கையில் இல்லையென்றால் இதெல்லாம் உதவாது. காற்று வீசாதபோது செஸ்னா 172 என்ற சிறிய விமானம், 1,000 அடியிலிருந்து ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் சறுக்கும். 200 அடியில் இன்ஜின் கைவிட்டால் அரை கிலோமீட்டர்தான். அதற்குள் மரம், மின்கம்பி, வேலி. 'இன்னும் கொஞ்சம் இறங்கு, வயலை எட்டுகிறாயா பார்ப்போம்' என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. எட்டுமா எட்டாதா என்பது பெரும்பாலும் 500 அடியிலேயே தெரிந்துவிடும். அதற்குக் கீழே போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகமில்லை.

ஆகவே, புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்: இந்த உயரத்தில் கோ அரவுண்ட் (இறங்குவதை விட்டு மேலே ஏறுவது), யார் கையில் கன்ட்ரோல் இருந்தாலும். அதை மாணவரின் குறிப்பேட்டிலும் எழுதிவையுங்கள். விபத்து அறிக்கைகள் யாரையும் குற்றம் சாட்ட எழுதப்படுபவை அல்ல, அடுத்த விபத்தைத் தடுக்கத்தான். அவற்றை மாணவர்களோடு உட்கார்ந்து படியுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர் பக்கத்தில் இருக்கும்போது இருபது வயதுப் பிள்ளை வாய் திறக்காது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்றுதானே நாங்கள் வளர்த்திருக்கிறோம். வானத்தில் அந்தப் பழக்கத்தை உடைக்க உங்களால் மட்டுமே முடியும். மாணவர் "கோ அரவுண்ட்" என்றால் உடனே மேலே ஏறுங்கள், கேள்வியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார் என்றே வைத்துக்கொண்டாலும், அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவ விமானியின் தந்தை,
பொங்கோல், சிங்கப்பூர்